சால்வையோடு வந்த சுகந்தம்

1830, 1840ஆம் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில், பாரிஸ் நகரத்திலோ லண்டன் நகரத்திலோ காஷ்மீரச் சால்வை வாங்கப் புகுந்த சீமாட்டி ஒருத்தி, கடைக்காரன் விரித்துக் காட்டிய துணியின் சித்திர வேலைப்பாட்டைக் கண்ணாலும் ரோமத்தின் மென்மையை விரலாலும் பரீட்சித்துப் பார்த்த பின்னரும் மனம் அமையாமல், கடைசியில் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த பிறகே அது அசல் என்றோ போலி என்றோ தீர்மானித்தாள். இந்தியாவிலிருந்து வந்த உண்மைச் சால்வைகள் யாவற்றிலும் ஒரே விதமான வாசனை ஊறிக் கிடந்தது. மழைக்குப் பின் எழும் மண்ணின் நெடியும், பழம்பெட்டியின் மக்கலும், கர்ப்பூரத்தின் குளிர்ச்சியும், அடியில் இலேசான இனிப்பும் கலந்த அந்த வாசனையை உள்ளூர் நெசவுகளில் எவ்வளவு தேடினாலும் காணமுடியவில்லை. லண்டனில் பரிமள வியாபாரம் நடத்திவந்த செப்டிமஸ் பீஸ் என்பவர், 1855ல் வெளியிட்ட தமது வாசனைத் தொழில் நூலில் இந்த வழக்கத்தைச் சற்றுப் பரிகாசம் தோன்றக் குறித்துவைத்திருக்கிறார். பச்சோலி என்னும் செடியின் உலர்ந்த இலை ஐரோப்பாவில் பிரசித்தி அடைந்தது இவ்வாறுதான். வாசனைச் சரக்கு என்ற முறையில் எவரும் அதை வரவழைக்கவில்லை. விலை உயர்ந்த மற்றொரு சரக்குக்குக் காவலாகப் பெட்டிக்குள் புகுந்து, பின்பு அந்தச் சரக்குக்கே சாட்சியாகிவிட்டது.

அக்காலத்துச் சால்வையின் மதிப்பை இன்று நாம் ஊகித்தறிவது சற்றுக் கடினம். லடாக்குக்குக் கிழக்கே, மரமில்லாத சாங்தாங் பீடபூமியில் மேயும் வெள்ளாடுகளின் புறமயிருக்கு அடியிலே குளிர்காலத்தில் முளைக்கும் மெல்லிய ரோமத்தை வாரி எடுத்து, மலை வழிகளில் பாரம் சுமக்கும் பிராணிகள்மேல் ஸ்ரீநகருக்குக் கொண்டுவந்து, பெண்கள் கையால் நூற்று, சாயம் தோய்த்து, கனி எனப்படும் சிறு மரக்குச்சிகளில் வண்ணம் வண்ணமாகச் சுற்றி, ஊடையை முழு அகலத்துக்கும் ஓட்டாமல் பூவுக்குப் பூ, இலைக்கு இலை தனித்தனியே கோத்து நெய்தார்கள். சித்திரம் நெருக்கமானதாயின் ஒரு சால்வைக்கு ஒன்றரை வருஷம் பிடிப்பதும் உண்டு. அதனால் பிற்காலத்தில் பல தறிகளில் துண்டு துண்டாக நெய்து, தையல் தெரியாமல் இணைக்கும் ரஃபூகர்களிடம் ஒப்படைத்தார்கள். 1822ல் காஷ்மீரத்தை அடைந்த வில்லியம் மூர்கிராஃப்ட் இத்தொழிலின் அங்கங்களை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 1846ல் ஏற்பட்ட அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, காஷ்மீரத்தைப் பெற்றுக்கொண்ட குலாப் சிங் ஆங்கில அரசாங்கத்துக்கு ஆண்டுதோறும் செலுத்த ஒப்புக்கொண்ட காணிக்கை ஒரு குதிரையும், சால்வை ரோமம் தரும் பன்னிரண்டு ஆடுகளும், மூன்று ஜோடிச் சால்வைகளும் ஆகும். ஒரு தேசத்தின் அதிகாரம் கைமாறிய பத்திரத்திலேயே சால்வை இடம்பெற்றதைப் பார்த்தால், நெப்போலியனின் மனைவி ஜோசபின் அவற்றைக் குவித்துவைத்திருந்ததும், பிரெஞ்சுச் செல்வர் வீடுகளில் மணமகளுக்கு அனுப்பும் சீர்ப்பெட்டியில் அது கட்டாயம் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டதும் நமக்கு வியப்பளிக்க மாட்டா.

இவ்வளவு கிராக்கி உள்ள பொருளுக்குப் போலி தோன்றாமல் இராது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே எடின்பரோவிலும் நார்விச்சிலும் சால்வையைப் பார்த்து நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1805 வாக்கில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரமும் அதில் புகுந்தது. நம்மூர் மாங்காய் வடிவத்துக்கு அவ்வூரின் பெயரே நிலைத்துவிடும் அளவுக்கு அங்கே தொழில் பெருகிற்று. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு சித்திரம் நெய்யும் ஜக்கார்டு தறி வந்தபின், காஷ்மீரத்தில் மாதக்கணக்கில் செய்த வேலையைச் சில நாட்களில் முடிக்கமுடிந்தது. பிரான்ஸில் கியோம் தெர்னோ என்ற ஆலை முதலாளி, வடிவத்தை மட்டும் நகல் செய்தால் போதாது, ரோமமும் அசலாகவே இருக்கவேண்டும் என்று கருதி, 1818-19ல் ஆசியாவின் உட்பிரதேசத்திலிருந்து ஓர் ஆட்டு மந்தையையே ஐரோப்பாவுக்கு ஓட்டிவரச் செய்தார். வடிவம் கிடைத்தது, நூல் கிடைத்தது, நிறமும் கிடைத்தது. மூக்கு மட்டும் ஏமாற மறுத்தது. பெருங்காயம் வைத்த பாண்டம் கழுவினாலும் மணப்பதுபோல மாதக்கணக்கில் பெட்டியில் ஊறிய அசல் சால்வையின் மணம் எளிதில் நீங்குவதில்லை. புதிதாய் நெய்த பிரெஞ்சுச் சால்வையிலோ வெறும் கம்பளி நெடிதான் இருந்தது. வெகுநாள் விழித்த பின்னர், அந்த ரகசியம் ஓர் இலையில் அடங்கியிருப்பதைப் பிரெஞ்சு வியாபாரிகள் கண்டுபிடித்தார்கள். இலையைப் பொதி பொதியாக வரவழைத்துத் தங்கள் துணிகளுக்கு நடுவே வைத்து, உள்நாட்டு நெசவை இந்தியச் சால்வை என்று விற்றார்கள் என்று பீஸ் சொல்லி முடிக்கிறார்.

இந்தக் கதையை எடுத்துச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மோசடியோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். எனக்கோ இதனினும் சுவையான செய்தி இதற்கு அப்பால் இருப்பதாகத் தோன்றுகிறது. பச்சோலி காஷ்மீரத்தில் விளைகிற செடியன்று. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த, இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வளரும் அந்தச் சிறு செடி, உஷ்ணமும் ஈரமும் மரநிழலும் உள்ள பிரதேசத்தையே விரும்புவது. உறைபனி பட்டால் கருகிப்போவது. அதன் சொந்த நாடு பிலிப்பைன்ஸும் மலாய்த் தீவுகளும். பச்சை இலையில் வாசனை அவ்வளவு தூக்கலாக இராது. நிழலில் உலர்த்தி அடுக்கிவைத்து, இலையின் உள்ளறைகள் நெகிழ்ந்த பின்னரே மணம் பெருகும். ஆகவே மலாய்க் கரையில் உலர்ந்த இலை கப்பலேறிக் கல்கத்தாவை அடைந்து, காஷ்மீரத்திலிருந்து அமிர்தசரஸ், டில்லி வழியாக இறங்கிவந்த சால்வையோடு வழியிலே எங்கேயோ ஒரு கிடங்கில் சந்தித்திருக்கவேண்டும். ரோமத்தை அரிக்கும் அந்துப்பூச்சி அந்த நெடிக்கு அண்டாது என்பதனால், மூட்டை கட்டியவர்கள் மடிப்புக்கு மடிப்பு இலையைத் தூவியிருப்பார்கள். சீமாட்டிகள் இமயமலையின் மணம் என்று எண்ணி மயங்கியது உண்மையில் பூமத்திய ரேகையை அடுத்த காடுகளின் மணமே. போலிச் சால்வைக்குப் பூசிய வாசனை கடன் வாங்கியதுதான். அசல் சால்வையின் வாசனையும் அப்படியே கடன் வாங்கியது என்பதை அன்று நினைத்துப் பார்த்தவர் இலர்.

கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த நதானியேல் வாலிச் என்ற டேனிஷ் அறிஞர் இவ்விலையைப் பற்றி எழுதிய குறிப்பு, அதன் ஆசிய வாழ்க்கையை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. வங்காளத்துக் கடைவீதிகளில் அது 'பச்சா பாத்' என்ற பெயரில் தாராளமாக விற்றது. புகையிலைக்கு மணமூட்டவும், பெண்கள் கூந்தலுக்கு வாசனை ஏற்றவும் ஜனங்கள் அதை வாங்கினார்கள். வசதி படைத்தவர்கள் அதன் எண்ணெயைத் துணிகளில் தடவிக்கொண்டார்கள். பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையிலுள்ள வெல்லஸ்லி மாகாணத்திலும் அது தானாகவே வளருகிறது என்று அவ்விடத்தில் வசித்த ஜார்ஜ் போர்ட்டர் அவருக்குத் தெரிவித்தார். எல்லாரையும்விட அதிகமாக அதை வாங்கியவர்கள் அரபு வியாபாரிகள். ஆண்டுதோறும் ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிச்செல்லும் கப்பல் இந்த இலையையும் மிகுதியாக ஏற்றிச்சென்றது. மெத்தைக்கும் தலையணைக்கும் உள்ளே அதைத் திணித்துப் படுத்தால் தொற்றுநோய் அணுகாது, ஆயுளும் நீடிக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பாரிஸ் மாளிகைகளில் அதிகாரம் செலுத்துவதற்கு முன்பே இந்த வாசனை மெக்கா யாத்திரிகர்களின் தலைமாட்டில் இருந்தது.

பினாங்கைச் சொல்லும்போது தமிழரை விட்டுவிட முடியாது. 1786ல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் கொடி நாட்டிய நாள்முதல், சோழமண்டலக் கரையின் துறைமுகங்களிலிருந்து சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வர்த்தகர்கள் அங்கே சென்று குடியேறினார்கள். சூலியா தெருவும், 1801ல் காதர் முகைதீன் தோற்றுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அதற்கு அடையாளம். துணிப்பொதிகளோடு போய்ப் பாக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு திரும்பிய அவர்களுடைய கப்பல்களில் மணம் உள்ள இலைக்கட்டு ஒன்றிரண்டு இடம்பெற்றிருந்தால் அதில் வியப்பில்லை. ஐரோப்பிய அகராதிக்காரர்கள் இந்தச் செடியின் பெயரைத் தமிழோடு தொடர்புபடுத்துகிறார்கள். அதைக்கொண்டு நாம் பெருமிதம் கொள்ள வேண்டியதில்லை; கடல் வாணிகத்தில் ஒரு சரக்குக்குப் பெயர் நிலைப்பது பெரும்பாலும் அதைக் கைமாற்றியவன் வாயிலிருந்தே ஒழிய, விளைவித்தவன் வாயிலிருந்து அன்று.

இதற்கிடையே தாவர சாஸ்திரிகள் பட்ட பாடு தனி. சந்தையில் வந்தது உதிர்ந்த சருகு. தோட்டத்தில் வளர்ந்த செடியோ பூப்பது அபூர்வம், விதை வைப்பது அதனினும் அபூர்வம். மலாய்நாட்டுக் குடியானவன் தண்டை ஒடித்து நட்டே தலைமுறை தலைமுறையாக அதைப் பெருக்கிவந்தான். பூவைக் காணாத வரையில் செடியின் குலம் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்லச் சாஸ்திரிகளால் முடியவில்லை. மணிலாவில் வாழ்ந்த மானுவேல் பிளாங்கோ என்னும் அகஸ்தீனியப் பாதிரியார், அந்நாட்டார் 'கப்ளிங்' என்று வழங்கிய செடியைப் புதினாவின் இனத்தில் சேர்த்து 1837ல் விவரித்தார். பிரான்ஸில் ஆர்லியான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு செடி எப்படியோ மலர்ந்துவிட, பெல்லத்தியே என்பவர் 1845ல் அதற்குப் புதுப்பெயர் சூட்டி விவரணம் எழுதினார். இரண்டும் ஒரே செடி என்பது பின்னாலேதான் நிச்சயமாகி, பிளாங்கோவின் பெயரே முந்தியது என்று நிலைத்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் இதன் உறவுச்செடி ஒன்று உண்டு. தரங்கம்பாடிக்குச் சமயப்பணிக்காக வந்து, பின்பு கும்பினியாரின் தாவரப் பணியில் சேர்ந்து, 1819ல் சென்னையில் காலமான பெஞ்சமின் ஹைனே என்பவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அந்த இனத்தின் எண்ணெய் சந்தையில் ஜாவாப் பச்சோலி என்று வழங்கும். மணத்தில் ஒருபடி தாழ்ந்தது என்பது வாங்குவோர் மதிப்பு.

ஐரோப்பாவில் இலை மலிந்ததும் அதன் கௌரவம் இறங்கலாயிற்று. மூன்றாம் நெப்போலியன் சக்ரவர்த்தியாயிருந்த 1852 முதல் 1870 வரையிலான காலத்தில், குடும்பஸ்திரீகள் ரோஜா, ஊதாப்பூ முதலியவற்றின் மெல்லிய மணத்தைக் கைக்குட்டையில் மட்டும் தெளித்துக்கொள்வதே மரியாதை என்று கருதப்பட்டது. பச்சோலியின் அழுத்தமான நெடியோ செல்வந்தர்களின் ஆதரவில் வாழ்ந்த கணிகையரின் இலச்சினை ஆகிவிட்டது. மணமகளின் சீர்ப்பெட்டியில் இருந்த சால்வையும், விளக்கொளியில் நாடகக்கொட்டகைக்கு வந்த கணிகையின் உடையும் ஒரே வாசனையையே வீசின. ஒன்றை மங்கலம் என்றும் மற்றொன்றை மானக்கேடு என்றும் ஊரார் எவ்விதம் பகுத்தறிந்தார்கள் என்பது அக்காலத்து நாகரிகத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

வாசனைக்கு நேர்ந்ததைவிடக் கொடிய கதி சால்வைக்கு நேர்ந்தது. மலிவான ஜக்கார்டு நகல்கள் தெருவெங்கும் நிறைந்தபின் அசலுக்கும் மதிப்புக் குறைந்தது. பாவாடையின் பின்புறம் உயர்ந்து நிற்கும் புதுப்பாணி வந்ததும், அதை மறைக்கும் சால்வை அலமாரிக்குள் போயிற்று. 1870-71ல் பிரஷ்யாவோடு நடந்த யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றதும் பெரிய சந்தை அடியோடு சாய்ந்தது. தறிகளின்மீது விதித்த வரியைத் தாங்கமாட்டாமல் 1865லேயே ஸ்ரீநகர்த் தெருவில் கிளர்ந்தெழுந்து உயிர்ப்பலி கொடுத்திருந்த நெசவாளர்களை, 1877ல் தொடங்கிய பஞ்சம் வாரிக்கொண்டு போயிற்று. அவர்களுடைய கைவேலைக்கு நற்சாட்சி கூறிய வாசனைக்கு அந்தத் துன்பம் ஒன்றும் இல்லை. அது புட்டியில் புகுந்து பிழைத்துக்கொண்டது.

புட்டியில் அதற்குக் கிடைத்த உத்தியோகமும் காவல் உத்தியோகமே. எலுமிச்சை, நாரத்தை போன்றவற்றின் எண்ணெய்கள் தோலில் பட்ட சில நிமிஷங்களில் ஆவியாகிப் போகும் சுபாவமுடையவை. பச்சோலியின் எண்ணெயோ கனத்தது, நிதானமாக எழுவது, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் வாரக்கணக்கில் நிற்பது. இரண்டையும் சேர்த்தால் விரைந்தோடும் மணத்தையும் அது சற்றே பற்றிநிறுத்தும். 1917ல் பிரான்சுவா கோட்டி என்பவர் கருவாலி மரத்துப் பாசி, லாப்டனம் பிசின், பெர்கமட் நாரத்தை எண்ணெய் ஆகியவற்றோடு பச்சோலியையும் கூட்டி 'ஷீப்ர்' என்ற பெயரால் வெளியிட்ட வாசனை, அதன் வழியில் ஒரு குலமே பிறக்கும்படி செய்தது. 1919ல் கெர்லேன் வெளியிட்ட 'மிட்சுகோ' அந்தக் குலத்தில் உதித்தது. கணிகையின் வாசனை என்று முகம் சுளித்த பெருங்குடும்பத்துப் பெண்கள், இவற்றின் அடியில் அதுவே மறைந்திருப்பதை அறியாமல் பூசிக்கொண்டார்கள்.

ரசாயன சாஸ்திரிகளையும் இது ஏமாற்றாமல் விடவில்லை. எண்ணெயை நெடுநாள் வைத்தால் அடியில் உறையும் படிகத்தை 1869லேயே ஆராயத் தொடங்கினார்கள். பச்சோலி ஆல்கஹால் எனப்படும் அப்பொருள்தான் எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதன் அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பது நூறாண்டளவும் புலப்படவில்லை. 1961ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பூஹி ஓர் அமைப்பைக் கூறி, அடுத்து அந்த அமைப்பின்படியே பொருளைச் செயற்கையாக உண்டாக்கியும் காட்டினார். செயற்கையும் இயற்கையும் இம்மியும் வேறுபடாமல் ஒத்திருந்தன. இதைவிட வேறு நிரூபணம் என்ன வேண்டும்? ஆயினும் 1963ல் ஜூரிச்சில் ஜாக் டூனிட்ஸ் குழுவினர் எக்ஸ்-கதிரால் படிகத்தை ஆராய்ந்தபோது, கூறிய அமைப்பே பிழை என்று தெரிந்தது. பூஹி செய்த கிரியையின் கடைசிக் கட்டங்களில் அணுச்சட்டம் தானே இடம்மாறி, அவர் எண்ணாத உண்மை வடிவத்தை அடைந்திருக்கிறது! தவறான வழியில் புறப்பட்டுச் சரியான ஊர் போய்ச் சேர்ந்த இந்த நிகழ்ச்சியை ரசாயன நூல்கள் இன்றும் எடுத்துக் கூறுகின்றன. அவ்வளவு பாடுபட்டும் அந்தச் செயற்கைப் பொருள் இலைக்குப் போட்டியாகவில்லை, செலவு கட்டுப்படியாகாது. 2014ல் ஃபிர்மெனிஷ் நிறுவனம் கரும்புச் சர்க்கரையை நுண்ணுயிர்களால் புளிக்கச்செய்து 'கிளியர்வுட்' என்ற பெயரில் கொண்டுவந்த சரக்கே ஓரளவு அதற்கு ஈடுகொடுக்கிறது. அதிலும் மண்ணின் நெடி குறைவு.

1960களில் அமெரிக்க இளைஞர் கூட்டம் பெற்றோரின் வாழ்க்கையை வெறுத்துக் கீழைநாட்டு வேஷம் பூண்டபோது, கலவாத பச்சோலி எண்ணெயையே உடம்பில் பூசிக்கொண்டு திரிந்தது. கஞ்சாப் புகையின் நாற்றத்தை மறைக்கவும் அது உதவிற்று என்பார்கள். 1992ல் தியெரி மியுக்ளேரின் 'ஏஞ்சல்' அதையே பாகு காய்ச்சும் இனிப்போடு சேர்த்துக் கோடிக்கணக்கில் விற்றது. 2007ல் ஷனேல் வெளியிட்ட 'கோரமாண்டல்' என்ற பச்சோலி வாசனையின் பெயரைக் கேட்கும் தமிழர் நம் சோழமண்டலக் கரைக்குச் செய்த சிறப்பு என்று மகிழக்கூடும். அது சீனத்து அரக்கு மறைப்புத் தட்டிகளைக் குறிப்பது. நம் கரையிலுள்ள துறைமுகங்களின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அத்தட்டிகளுக்குக் கரையின் பெயர் ஒட்டிக்கொண்டது. சால்வைக்கும் இலைக்கும் நேர்ந்ததே தட்டிக்கும் நேர்ந்திருக்கிறது.

இன்று உலகத்துக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. அங்கே செடிக்கு 'நீலாம்' என்று பெயர். டச்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் சுமத்ராவின் வடகோடியிலுள்ள ஆச்சேயில் வேரூன்றிய இப்பயிர், மண்ணின் சாரத்தை விரைவில் உறிஞ்சிவிடுவதால், குடியானவர்கள் இரண்டொரு வருஷத்தில் நிலம் மாற்றிக்கொண்டே போனார்கள். பிற்காலத்தில் சுலவேசித் தீவு அதில் முந்திக்கொண்டது. நட்ட ஆறு மாதத்தில் முதல் வெட்டு, அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று. நூறு கிலோ உலர்ந்த இலையைப் பலமணி நேரம் நீராவியில் வாட்டினால் இரண்டு அல்லது மூன்று கிலோ எண்ணெய் கிடைக்கும். 1997-98ல் பொருளாதார நெருக்கடியின்போது விலை பன்மடங்கு ஏறவே, நெல்லை விட்டு இதை நட்டவர் பலர். அறுவடைக்கு வருமுன் விலை விழுந்துவிட்டது. இந்தியாவில் டாட்டா எண்ணெய் ஆலையார் 1942ல் பயிரிட முயன்றார்கள். இங்கு நடும் வகைகள் ஜொகூர், சிங்கப்பூர் என்று வந்த வழியின் பெயராலேயே வழங்குகின்றன. ஆயினும் ஊதுபத்திக்கும் ஜர்தாப் புகையிலைக்குமாக நாம் செலவிடும் அளவுக்கு உள்நாட்டு விளைச்சல் இல்லை.

கிராமத்து எரிவாலைகள் நெடுங்காலம் பழைய இரும்புப் பீப்பாய்களே. இரும்பு கலந்து எண்ணெய் கருத்துவிடும். அந்தக் கருமையையே பழமைக்கும் தரத்துக்கும் அடையாளமாகக் கொண்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். துருப்பிடிக்காத எஃகு வாலையில் இறங்கும் எண்ணெய் வெளிறிய பொன்னிறம். இப்பொழுது இந்தோனேசிய அரசாங்கத்தின் தரக்கட்டளை பச்சோலி ஆல்கஹால் 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றும், இரும்பு இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. விலை ஏறும் காலங்களில் குர்ஜுன் மரத்துப் பிசினின் மலிவான எண்ணெயைக் கலந்து விற்பது பழைய தந்திரம். நிறத்தாலும் அடர்த்தியாலும் அது பிடிபடாது, கைதேர்ந்த மூக்கும் சில சமயம் தடுமாறும். அதனால் வாங்கும் கம்பெனிகள் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் சில துளிகளை எடுத்து, ஆவியாக்கிப் பிரித்தறியும் கருவியில் செலுத்திப் பார்க்கின்றன. அது வரையும் கோட்டில் ஆல்ஃபா-குர்ஜுனீன் என்ற பொருளின் முனை தலைகாட்டினால், சரக்கு வந்த வழியே திருப்பியனுப்பப்படுகிறது.